'டிடெக்ட் ஆகலை': ஒரு சொல் போதுமா, மூன்று வேண்டுமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

'டிடெக்ட்' என்பதற்குக் 'கண்டறிதல்' என்று எழுதி நம் கணினிக் கலைச்சொல் பட்டியலை மூடிவிடலாம் என்று சென்ற வாரம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லில் பிழை இல்லை. ஆனால் வெளி வன்வட்டை (எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்) யூஎஸ்பி துளையில் செருகிவிட்டு "டிடெக்ட் ஆகலை" என்று ஒருவர் சொன்னால், அது மூன்று வேறு கோளாறுகளில் எதுவாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றில் கோப்புகளையே அழித்துவிடும்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து வீடு வாங்கியவர்களிடமிருந்தும்தான் எனக்கு வேலை வருகிறது. போன மாதம், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தோட்டத்துக் கோயில் திருவிழாப் படங்கள், பழைய பள்ளி மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே வன்வட்டில் வைத்திருந்தார். "தம்பி, டிடெக்ட் ஆகலை" என்றார். நான் கேபிளை மாற்றச் சொன்னேன், வேறு துளையில் போடச் சொன்னேன், கணினியை அணைத்துப் போடச் சொன்னேன். அரை மணி நேரம் போனது. கடைசியில் அவர் கேட்டார்: "ஃபார்மட் பண்ணவான்னு ஒவ்வொரு தடவையும் கேட்குது. சரின்னு கொடுத்துடவா?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கிறது என்றால் கேபிளும் துளையும் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள். வட்டு வந்தது தெரிந்துவிட்டது, அது வட்டு என்பதும் தெரிந்துவிட்டது. உள்ளே கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் கோப்பு முறைமையைத்தான் படிக்க முடியவில்லை. முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கியதால் வந்த கோளாறு அது. நல்லவேளையாக அவர் பொத்தானை அழுத்தவில்லை. கோப்புகளை முதலில் வேறு வட்டுக்கு மீட்டெடுத்துவிட்டு, அதன் பிறகுதான் அந்த வட்டில் கை வைத்தேன். அந்த அரை மணி நேரமும் நாங்கள் இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தோம்.

> ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற நெறியை விட வேண்டாம். 'கண்டறிதல்' எல்லாருக்கும் புரியும்.

நெறியை மதிக்கிறேன் ஐயா. பொதுச்சொல்லாகக் 'கண்டறிதல்' இருக்கட்டும். அதன் கீழே மூன்று படிகளுக்கும் தனிப்பெயர் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முதல் படியில், ஏதோ ஒன்று வந்து மாட்டியது என்று துளைக்குத் தெரிய வேண்டும். யூஎஸ்பி 2.0 கேபிளில் 4 கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. சாதனம் தன் பக்கத்தில் ஒரு தரவுக் கம்பியின் மின்னழுத்தத்தை 1.5 கிலோஓம் மின்தடை வழியாக மேலே இழுத்துப் பிடிக்கும். அதைப் பார்த்துத்தான் கணினி 'யாரோ வந்திருக்கிறார்' என்று அறிகிறது. ஆகவே வட்டில் விளக்கு எரிந்தாலே போதாது. சார்ஜ் செய்ய மட்டும் ஆகும் கேபிள்களில் தரவுக் கம்பியே இருக்காது. விளக்கு எரியும், கணினியிலிருந்து ஒரு மணியோசைகூட வராது. இதற்கு 'வரவறிதல்' என்று முதலில் நினைத்தேன். எதிர்மறை 'வரவறியாமை' என்று வரும், அறியாமையின் வாடை அடிக்கிறது. அதனால் 'வரவுணர்தல்'. ஆகாவிட்டால் 'வரவுணராமை'. நிலையாமை, கல்லாமை என்று பழகிய நமக்கு இந்த ஆமை ஈறு இயல்பாகவே வரும்.

இரண்டாம் படிதான் சிக்கலானது, விவாதமும் இதில்தான் தேவை. ஆங்கிலத்தில் இதை 'எனூமரேஷன்' என்பார்கள்.

> 'எனூமரேஷன்' என்பதற்கு 'எண்ணிடல்' என்பதே நேரான சொல்.

நேரான சொல்தான். ஆனால் அந்தப் படியில் நடப்பதில் எண் ஒரு பகுதி மட்டுமே. கணினி சாதனத்தை ஒரு முறை மீட்டமைக்கும். அப்போது அதன் முகவரி 0. பிறகு 1 முதல் 127 வரை ஓர் எண்ணைக் கொடுக்கும். அப்புறம் "நீ யார், யார் செய்தது, எந்த வகை, எவ்வளவு மின்சாரம் வேண்டும்" என்று விவரம் கேட்கும். வட்டு தன்னைச் சேமிப்பு வகை என்று சொல்லும், விசைப்பலகை வேறு வகையைச் சொல்லும். பதில் ஒழுங்காக வந்தால்தான் மேலே நடக்கும். யூஎஸ்பி 2.0-இல் இந்த விசாரணை முடியும்வரை சாதனம் 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. முடிந்த பிறகே 500 வரை உரிமை. யூஎஸ்பி 3.0 என்றால் 900.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு, ஆள் வந்து நின்றால் மட்டும் வேலை கிடைக்காது. கணக்கு எழுதும் கிராணி பேர் கூப்பிடுவார், ஆள் குரல் கொடுக்க வேண்டும், இவர் பால்மரம் (ரப்பர்) வெட்டுபவரா, புல் வெட்டுபவரா என்று தெரிய வேண்டும். அதன் பிறகுதான் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் நிரை (வேலை செய்ய வேண்டிய வரிசை) காட்டுவார். என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் பெரட்டுக்குப் போனவர். யூஎஸ்பி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் அவருக்குச் சொன்னபோது, "பேர் கூப்பிட்டும் குரல் கொடுக்கலன்னா ஆள் வந்தும் வராத கணக்குதானே" என்றார். இரண்டாம் படியின் கோளாறு அதுவேதான். 'அறியப்படாத யூஎஸ்பி சாதனம்' என்று மஞ்சள் குறியோடு விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் நிற்கும், குறியெண் 43 வரும். ஆள் வந்துவிட்டார், குரல் இல்லை.

'பெரட்டு' என்றே வைத்துவிடலாமா என்று எனக்கும் ஆசை வந்தது. மலேசியாவிலும் இலங்கை மலையகத்திலும் புரியும், மதுரையில் புரியாது. அதனால் விட்டுவிட்டேன். நான் முன்வைப்பது 'இனங்காணல்'. இலங்கை நண்பர்கள் அன்றாடம் எழுதும் சொல் இது, புதிதாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை. எந்த வகை என்று கேட்டு அறிவதுதான் இந்தப் படியின் உயிர் என்பதால் 'இனம்' சரியாகப் பொருந்துகிறது. முகவரி கொடுக்கும் அந்தச் சிறு செயலுக்கு 'எண்ணிடல்' இருக்கட்டும். 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி என்பார்கள். 'நெட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், இணைப்பு என்ற செயலிலிருந்து பிறந்ததால்தான் அது நிலைத்தது என்பது என் எண்ணம். இங்கும் செயலைப் பார்ப்போம்.

இனங்காணாமைக்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரப் போதாமை. 2.5 அங்குல வட்டு துளையின் மின்சாரத்திலேயே ஓடும். ஒரு துளையைப் பலவாக்கும் ஹப்பில் நான்கு சாதனங்களோடு பங்கு போட்டால் சுழலத் தொடங்கி நின்றுவிடும். ஹப்பைக் கழற்றி, மேசைக் கணினியாக இருந்தால் பின்பக்கத் துளையில் நேராகப் போட்டுப் பாருங்கள். 3.5 அங்குல வட்டுக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், அது செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை நீக்கிவிட்டு, கணினியை மறுபடி தொடக்கினால் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) புதிதாக ஏறும். டக் டக் என்று வட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தால் இவை எதையும் செய்யாதீர்கள், உடனே கழற்றிவிடுங்கள். ஓட ஓட உள்ளே சேதம் கூடும்.

மூன்றாம் படி, 'மவுண்ட்', அதாவது வட்டில் உள்ள கோப்புகளைத் திறக்கும்படி கணினியோடு சேர்ப்பது. இதற்கு 'ஏற்றுதல்' என்று எழுதி வருகிறோம். பதிவேற்றம் என்பதோடு குழம்புகிறது. 'பொருத்துதல்' என்றால் மக்கள் கேபிளைப் பிடித்து இன்னும் அழுத்துவார்கள். 'அமர்த்தல்' என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆளை வேலைக்கு அமர்த்துவது போல, வட்டுக்கு D, E போல ஓர் எழுத்தும் இடமும் கொடுத்து அமர்த்துவது. எதிர்ச்சொல் 'விடுவித்தல்' கூடவே வந்துவிடுகிறது. 'அமராமை' என்றால் வட்டு, விண்டோஸின் வட்டுப் பட்டியலான டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரியும், கோப்புச் சாளரத்தில் தெரியாது. எழுத்து மட்டும் இல்லையென்றால் கொடுத்தால் போதும். மேக் கணினியில் ஃபார்மட் செய்த வட்டை விண்டோஸில் போட்டாலும் இப்படித்தான் நிற்கும். வட்டில் குறை இல்லை. 'இனிஷியலைஸ்', 'ஃபார்மட்' என்று எது கேட்டாலும் உள்ளே வேண்டிய கோப்பு இருக்கும்வரை வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

> கடைக்கு வருபவர் 'இனங்காணல்' என்றெல்லாம் சொல்லப் போவதில்லை.

அவர் சொல்ல வேண்டாம் அக்கா. உதவிப் பக்கத்தில், பிழைச்செய்தியில் அந்தச் சொல் நின்றால் அவர் அதைத் தொலைபேசியில் படித்துக் காட்டுவார். எனக்கு அது போதும். இப்போது "ரோசாக் ஆயிடுச்சு" (மலாயில் கெட்டுப்போச்சு), "டிடெக்ட் ஆகலை" என்ற இரண்டை வைத்துக்கொண்டுதான் நான் வைத்தியம் பார்க்கிறேன்.

'வரவுணர்தல்', 'இனங்காணல்' இரண்டிலும் எனக்கு உறுதி உண்டு. 'அமர்த்தல்' பற்றித்தான் உங்கள் கருத்து வேண்டும். பணியமர்த்தல் என்ற பொருள் முந்திக்கொள்கிறது என்று யாருக்காவது தோன்றினால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு வரை வருவதைச் சேர்த்து மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து