கிராஸ் ஓரங்கள் இழுபடாமல் க்வில்ட் பிளாக் தைப்பது எப்படி?

கேள்வி – தையற்கூடை

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மகளுக்காகப் பருத்தித் துணியில் ஒரு க்வில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைத்துக்கொண்டிருக்கிறேன். முக்கோணங்களை இணைத்துச் செய்யும் நட்சத்திர பிளாக்குகள், அதாவது போர்வையை உருவாக்கும் சதுரக் கட்டங்கள். தைத்து முடித்தபின் ஒவ்வொன்றும் 12 அங்குலச் சதுரமாக வர வேண்டும். மூலைகள் மேலும் கீழுமாக நிற்கும்படி அவற்றைச் சாய்த்து அடுக்கி, விளிம்பில் ஏற்படும் இடைவெளிகளைப் பெரிய முக்கோணங்களால் நிரப்புவதாகத் திட்டம்.

இரண்டு இடங்களில் சிக்கல் எழுகிறது. முதலாவதாக, சிறு முக்கோணங்களை நீண்ட பக்கத்தில் இணைத்துத் தைத்து இஸ்திரி போட்டதும், சதுரமாக வர வேண்டியது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நீண்டு சாய்சதுரமாகிவிடுகிறது. இரண்டாவதாக, விளிம்பில் வைத்த பெரிய முக்கோணங்களின் வெளி ஓரம் தரையில் விரித்தால் படிவதில்லை. அலை அலையாக எழும்பி நிற்கிறது. கிராஸாக, அதாவது நூல் ஓட்டத்துக்கு மூலைவாட்டில், வெட்டிய துணி நீளும் என்பது ரவிக்கைக் கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வைத்துத் தைத்த எவருக்கும் தெரியும். அங்கே அந்த நீட்சிதான் நமக்கு வேண்டியிருக்கிறது. இங்கே அதுவே பகையாகிறது. குண்டூசிகளை நெருக்கமாகக் குத்தியும், மிஷினை மெதுவாக ஓட்டியும் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஏற்கெனவே இழுபட்டுவிட்ட துண்டுகளைக் காப்பாற்ற வழி உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – பாவும் ஊடையும்

சகோதரி, குண்டூசியும் வேகமும் இரண்டாம் பட்சம்தான். இந்தச் சிக்கலில் பெரும்பகுதி துணியை வெட்டும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

துணியின் கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல், தறியில் இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், மிகக் குறைவாகவே நீளும். குறுக்கே ஓடும் ஊடை நூல் சற்றுக் கூடுதலாக நெகிழும். ஆனால் 45 பாகைச் சாய்வில் இழுக்கும்போது நூல் எதுவும் நீளத் தேவையே இல்லை. பாவும் ஊடையும் சேர்ந்து உருவாக்கும் நுண்ணிய சதுரக் கட்டங்கள் சாய்சதுரங்களாகச் சரிந்து கொடுக்கின்றன. ஒரு கைக்குட்டையின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல இழுத்தால், நடுவில் அது குறுகுவதையும் மூலைவாட்டில் நீள்வதையும் கண்ணாலேயே காணலாம். உங்கள் சிறு சதுரங்களில் நடப்பதும் இதுதான்.

ஆகவே எந்த வடிவத்தை வெட்டினாலும், பிளாக்கின் வெளி ஓரமாக அமையும் பக்கம் நேர்நூலில் (பாவுக்கோ ஊடைக்கோ இணையாக) இருக்க வேண்டும்; கிராஸ் பக்கம் உள்ளே, தையலுக்குள் அடங்கிவிட வேண்டும். ஒரு சதுரத்தை மூலைவிட்டத்தில் இரண்டாக வெட்டினால், முக்கோணத்தின் இரு சிறு பக்கங்களும் நேர்நூலிலும், நீண்ட பக்கம் கிராஸிலும் இருக்கும். அதே சதுரத்தை இரு மூலைவிட்டங்களிலும் நான்காக வெட்டினால், நீண்ட பக்கம் நேர்நூலிலும், சிறு பக்கங்கள் கிராஸிலும் அமையும். உங்கள் விளிம்பு முக்கோணங்களைச் சதுரத்தை இரண்டாக வெட்டி எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் க்வில்ட்டின் வெளி ஓரம் முழுவதும் கிராஸாகிவிட்டது. அது அலைபாய்வதில் வியப்பில்லை.

சிறு முக்கோணச் சதுரங்களைப் பொறுத்தவரை, முக்கோணமாக வெட்டாமலேயே தைப்பதுதான் என் திடமான பரிந்துரை. இரு நிறத் துணியிலும் ஒவ்வொரு சதுரம் வெட்டி, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கும்படி வைத்து, மேல் சதுரத்தின் பின்புறத்தில் மூலைவிட்டக் கோடு வரைந்து, அந்தக் கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துவிட்டு, அதன்பிறகே கோட்டில் வெட்டுங்கள். கிராஸ் ஓரம் பிறக்கும்போதே தையல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். முடிவில் 3 அங்குலம் வர வேண்டுமானால் கணக்குப்படி 3⅞ அங்குலச் சதுரம் போதும். நான் 4 அங்குலமாக வெட்டி, தைத்து இஸ்திரி போட்டபின், ஸ்கேலிலுள்ள மூலைவிட்டக் கோட்டைத் தையல் மீது பொருத்தி, சுற்றிலும் தையலுக்கான கால் அங்குலம் சேர்த்து 3½ அங்குலத்துக்குச் சீவிவிடுவேன்.

ஒரு முறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இரு சதுரங்களை நான்கு பக்கமும் சுற்றித் தைத்து, பிறகு இரு மூலைவிட்டங்களிலும் வெட்டி நான்கு துண்டுகள் எடுக்கும் வழி விரைவானது என்பதால் பலரும் விரும்புகிறார்கள். அதில் கிடைக்கும் ஒவ்வொரு சதுரத்துக்கும் வெளி ஓரங்கள் நான்குமே கிராஸ். மிச்சப்படும் நேரத்தைவிட, பின்னர் அவற்றோடு போராடும் நேரம் அதிகம்.

பதில் – கஞ்சிமடிப்பு

மேலே கூறப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நட்சத்திரங்களைச் சாய்சதுரத் துண்டுகளால் கட்டுவோருக்கு எப்படி வெட்டினாலும் சில கிராஸ் ஓரங்கள் வெளியே வந்தே தீரும் என்பதால், கஞ்சியையும் இஸ்திரியையும் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

கஞ்சி போடுவது வெட்டுவதற்கு முன்பு நடக்க வேண்டிய வேலை. வெட்டிய முக்கோணத்தின் மீது கஞ்சி தெளித்தால் ஈரத்தில் அது தளர்ந்து, இஸ்திரிப் பெட்டி பட்டதும் இன்னும் இழுபடும். துணியை முதலில் அலசிச் சுருங்கவிட்டு, வடிகட்டிய கஞ்சியில் தோய்த்து, நிழலில் உலர்த்தி, கரைக்கு இணையாகப் பெட்டியை ஓட்டித் தேய்த்தெடுங்கள். துணி ஏறக்குறைய தாள் போல விறைத்து நின்றால், மூலைவாட்டில் பிடித்து இழுத்தாலும் எளிதில் கொடுக்காது.

தைத்தபின் இஸ்திரி போடுவதில்தான் பலருடைய சதுரங்களும் கெடுகின்றன. பெட்டியைத் தேய்த்து நகர்த்தாமல், வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். துண்டைத் திறப்பதற்கு முன் மூடிய நிலையிலேயே தையல் மீது ஒருமுறை அழுத்திவிட்டு, பிறகு அடர்நிறப் பக்கத்தைத் திருப்பி, சதுரத்தின் ஓரங்களுக்கு இணையாக மட்டும் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். மூலைவிட்டத் தையலின் வழியே பெட்டியை ஓட்டினால், கிராஸ் வாட்டில் நாமே அதை இழுத்துவிடுகிறோம். வெளி ஓரம் கிராஸாக இருக்கும் துண்டுகளுக்கு நீராவி வேண்டவே வேண்டாம்.

பதில் – மிதிமிஷின்

மிஷின் பக்கத்தில் ஒரு செய்தி. கிராஸ் ஓரமும் நேர் ஓரமும் சேரும் இடத்தில் கிராஸ் ஓரத்தைக் கீழே, ஊசிக்கு அடியில் துணியை நகர்த்தும் பல்லின் மேல் படும்படி வையுங்கள். பல் கீழ்த்துணியைச் சற்று உள்வாங்கித் தள்ளுவதால் உபரி நீளம் அடங்கிவிடும். இரண்டுமே கிராஸ் என்றால், மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபூட் உதவும். அது இல்லாதவர்கள் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கலாம். தையல் நீளம் 2 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். பின்பக்கம் கைகொடுத்து இழுக்காதீர்கள். அடுக்கிக் கட்டும்வரை காத்திருக்க வேண்டிய கிராஸ் ஓரங்களில், விளிம்பிலிருந்து ⅛ அங்குலம் தள்ளி ஒற்றைத் துணியில், ஓரம் இழுபடாமல் காக்கும் ஒரு காவல் தையல் போட்டுவைப்பது நல்லது.

தையற்கூடை

அனைவருக்கும் மிக்க நன்றி. விளிம்பு முக்கோணங்களைப் பற்றிய ஊகம் சரியே. சதுரத்தை இரண்டாகத்தான் வெட்டியிருக்கிறேன். அவற்றைப் புதிதாக வெட்டத் துணி இருக்கிறது. 12 அங்குல பிளாக்குக்கு எந்த அளவுச் சதுரம் எடுக்க வேண்டும்? வீட்டு அரிசிக் கஞ்சியே போதுமா? சாய்ந்துபோன சிறு சதுரங்களை என்ன செய்வது?

பதில் – பாவும் ஊடையும்

பிளாக்கின் முடிவு அளவை 1.414ஆல் பெருக்கி 1¼ அங்குலம் கூட்டுங்கள். 12 அங்குலத்துக்கு அது சுமார் 18¼ வரும். நான் 18½ அல்லது 19 எடுத்து, இரு மூலைவிட்டங்களிலும் வெட்டி நான்கு முக்கோணங்கள் எடுப்பேன். க்வில்ட்டின் நான்கு மூலைகளுக்கு மட்டும் கணக்கு வேறு: 12ஐ 1.414ஆல் வகுத்து ⅞ அங்குலம் கூட்டினால் 9⅜ வரும். அந்த அளவில் இரு சதுரங்களை ஒரே மூலைவிட்டத்தில் இரண்டிரண்டாக வெட்டுங்கள். அங்கே வெளியே தெரிவது சிறு பக்கங்கள் என்பதால் அவைதான் நேர்நூலில் இருக்க வேண்டும். விளிம்பு முக்கோணங்களை பிளாக்கோடு இணைக்கையில் அவற்றின் கிராஸ் பக்கம் கீழே இருக்கட்டும்.

அரிசிக் கஞ்சி தாராளமாகப் போதும். ஆனால் க்வில்ட் முடிந்ததும் நன்றாக அலசிவிடுங்கள். கஞ்சியோடு பெட்டியில் மடித்துவைத்தால் பூச்சி நாடும்.

சாய்ந்த சதுரங்களுக்கு வழி உண்டு. இஸ்திரி மேசை விரிப்பில் பென்சிலால் சரியான சதுரம் வரைந்து, துண்டை இலேசாக நனைத்து, நீண்ட மூலைகளை உள்நோக்கித் தட்டிக்கொடுத்து, கோட்டுக்குள் அடங்கும்படி குண்டூசியால் நிறுத்திக் காயவிட்டு, நீராவியின்றி அழுத்தி எடுங்கள். பிழை ⅛ அங்குலத்துக்குள் என்றால் பெரும்பாலும் திரும்பிவிடும். அதற்கு மேல் போனவற்றைச் சீவி 2½ அங்குலத் துண்டுகளாக்கி வேறு வேலைக்கு எடுத்துவைத்துக்கொண்டு, நட்சத்திரத்துக்குப் புதியவை தைப்பதே மேல்.