வாடகை சர்வரில் ஓடிய பொய் விளம்பரப் பார்வைகள்: ஹேக்கிங்கா, மோசடியா?

கேள்வி
மனிதர் பார்த்ததாகக் காட்டி நிரல்கள் மூலம் விளம்பரங்களை ஓட்டிப் பணம் பெற்ற அமெரிக்க வழக்குதான் மெத்பாட். அதில் அலெக்சாண்டர் ஸுகோவ் குழு யாருடைய கணினிக்குள்ளும் நுழையவில்லை. டாலஸிலும் பிற இடங்களிலும் 1,900-க்கு மேற்பட்ட சர்வர்களை வாடகைக்கு எடுத்து அவற்றிலேயே விளம்பரங்களை ஓட்டியது. அப்படியானால் எந்தக் குற்றத்துக்குத் தண்டனை? நம்மூரில் என்றால் எந்தப் பிரிவு?

பதில் 1
அமெரிக்கக் கணினிக் குற்றச் சட்டம் (பிரிவு 1030) பெரும்பாலும் அனுமதியில்லாத நுழைவைத்தான் பிடிக்கும். வாடகை கட்டிய சர்வரில் அந்தக் கேள்வியே எழாது. அதனால் மின்தொடர்பு மோசடிக்கான பிரிவு 1343: பொய் சொல்லிப் பணம் பறிக்கும் திட்டத்துக்கு மின்தொடர்பைப் பயன்படுத்துவது. அதிகபட்சம் 20 ஆண்டு.

பொய் எங்கே என்பதுதான் வழக்கின் உயிர். 6.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஐபி முகவரிகளை அமெரிக்க வீட்டு இணைப்புகள்போலப் பதிந்தார்கள். நிஜத் தளங்களின் பெயரில் போலிப் பக்கங்களைக் காட்டினார்கள். மவுஸ் அசைவைக்கூட நிரலே போலியாகச் செய்தது. மனிதர் பார்த்ததாக நம்பி விளம்பரதாரர்கள் கொடுத்தது 70 லட்சம் டாலருக்கு மேல். 2021 மே மாதம் புரூக்ளின் ஜூரி மோசடி, பணச்சலவை இரண்டிலும் குற்றவாளி என்றது. நவம்பரில் 10 ஆண்டு சிறை.

பதில் 2
அதே குற்றப்பத்திரிகையில் இருந்த 'ஈவ்' (3ve) பாட்நெட்டின், அதாவது பிறர் கணினிகளைக் கைப்பற்றி இயக்கும் வலையமைப்பின், கதை வேறு. அங்கே 17 லட்சம் பேரின் கணினிகளில் வைரஸ் ஏற்றி, அவர்களுக்கே தெரியாமல் விளம்பரம் ஓடியது. ஆகவே ஊடுருவல் குற்றமும் சேர்ந்தது. இயந்திரம் யாருடையது என்பதை முதலில் பாருங்கள்.

பதில் 3
இந்தியாவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகள் 'உரிமையாளரின் அனுமதியின்றி' என்பதில்தான் நிற்கின்றன. போலித் தளப் பெயருக்கு 66டி (ஆள்மாறாட்ட ஏமாற்று, 3 ஆண்டு வரை) பொருந்தும் என்று வாதிடலாம். என் பார்வையில் வலுவானது பாரதிய நியாய சன்ஹிதா 318(4) (ஏமாற்றுதல்), 7 ஆண்டு வரை. 2024 ஜூலை 1-க்கு முந்தைய செயல் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 420.

புகார்கள் சாட்சியத்தில்தான் சறுக்குகின்றன. அனலிட்டிக்ஸ் (தளப் பார்வைக் கணக்கு) ஸ்கிரீன்ஷாட் போதாது. சர்வர் லாகை (ஒவ்வொரு வருகையின் தானியங்கிப் பதிவு) அப்படியே எடுங்கள்: நேரம், ஐபி, யூசர் ஏஜென்ட் (பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரம்), கிளிக் ஐடி (ஒவ்வொரு கிளிக்குக்கான அடையாள எண்). உடனே ஹாஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) போட்டுவையுங்கள். பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழில் அந்த ஹாஷ் கேட்கப்படும். பல சர்வர்களில் லாக் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், தாமதிக்காதீர்கள்.

பதில் 4
விளம்பரம் வாங்குபவர்கள் தளத்தின் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ads.txt) கோப்பையும் சரிபார்க்க வேண்டும். 2017-இல் வந்த ஏற்பாடு. அந்தத் தளத்தின் இடத்தை விற்க எந்தக் கணக்குகளுக்கு உரிமை என்று அதில் இருக்கும். பெயர்த் திருட்டை இது தடுக்கும். உண்மையான தளத்துக்கே பாட் (மனிதர்போல நடிக்கும் நிரல்) வந்தால் இதற்குத் தெரியாது.