ஸ்விங் வைத்த ஹை-ஹாட்டும் கையால் வாசித்த டோலக்கும் ஒட்டவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. டெம்போ 90-இல் (நிமிடத்துக்கு 90 அடி) ஒரு ஹிப்-ஹாப் பீட் செய்துகொண்டிருக்கிறேன். கிக், ஸ்னேர், ஹை-ஹாட் மூன்றும் மென்பொருளின் நேரக் கட்டத்தில் மவுஸால் வைத்தவை. கேட்டால் தையல் மெஷின் ஓடுவது போல இருந்தது.

சரி, ஸ்விங் (ஜோடியில் இரண்டாவது நோட்டைச் சற்றுத் தாமதிப்பது) போடலாம் என்று இறங்கினேன். இந்த டெம்போவில் ஒரு பதினாறாம் நோட் சுமார் 167 மில்லிசெகண்ட். ஸ்விங் 50 சதவீதம் என்றால் நேர் நடை. 58 வைத்தால் ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது நோட் 27 மில்லிசெகண்ட் போல தள்ளி விழுகிறது. 66-க்குப் போனால் கிட்டத்தட்ட திஸ்ரமே (மூன்றாகப் பிரியும் நடை) ஆகிவிடுகிறது, இந்தப் பாட்டுக்கு அது வேண்டாம். 56-இல் ஹை-ஹாட் அழகாக நடக்கிறது. அப்புறம், இரண்டாவது நோட்டின் வெலாசிட்டியை (அடியின் பலத்தை) கொஞ்சம் குறைத்ததும்தான் உண்மையிலேயே உயிர் வந்தது. ஸ்விங்கைவிட அதுதான் அதிகம் உதவியது என்பேன்.

சிக்கல் இனிதான். நண்பர் ஒருவர் இதற்கு டோலக் வாசித்துக் கொடுத்தார். கிளிக் (டெம்போவைக் காட்டும் ஒலி) கேட்டுத்தான் வாசித்தார், ஆனால் அவர் கைக்கென்று ஒரு சாய்வு இருக்கிறது. ஒரு அடி முந்துகிறது, அடுத்தது தயங்குகிறது. ஹை-ஹாட்டோடு சேர்த்தால் ஒரே அடி இரண்டாகக் கேட்கிறது. டோலக்கைக் குவாண்டைஸ் செய்ய, அதாவது அடிகளைக் கட்டத்துக்கு நேராக இழுக்க, எனக்கு மனமே இல்லை, பாட்டின் ஜீவனே அதில்தான்.

டோலக்கிலிருந்து குரூவை (அடிகள் முந்திப் பிந்தும் விதத்தை) எடுத்து ஹை-ஹாட்டுக்குப் போடுவது சரியாக வருமா? முழுப் பலத்தில் போட வேண்டுமா, பாதி போதுமா? பேஸையும் அதோடு நகர்த்தலாமா, இல்லை கிக்கோடு நேராகவே விடலாமா? செய்து பார்த்தவர்கள் உங்கள் அளவுகளைச் சொல்லுங்கள். எட்டு பார் ஆடியோ தயாராக இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.