பாட்டே இல்லாத படமும் மாமாவின் ஞாபகமும்

என் வெட்கக் கதை ஒன்றைச் சொல்கிறேன். நாற்பது வயது வரை பழைய படம் ஒன்றைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் பார்த்த மாதிரியே பேசுவேன். சந்திரலேகாவா? முரசு நடனம். காதலிக்க நேரமில்லையா? நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லி வெலவெலக்க வைப்பது. தூர்தர்ஷனின் பாட்டு நிகழ்ச்சியான ஒளியும் ஒலியும், சிரிப்புச் சேனல் இரண்டும் போட்ட பிச்சைதான் என் சினிமா ஞானம்.

அதனாலேயே 'அந்த நாள்' (1954) என் கண்ணில் படவில்லை. அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது, பாட்டு நிகழ்ச்சியில் எப்படி வரும்? இத்தனைக்கும் இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர்!

போன மாதம் மாமனார் வந்திருந்தபோது ஒருநாள் ராத்திரி அதைப் போட்டோம். "டூரிங் டாக்கீஸ்ல மணலைக் குவிச்சு உட்கார்ந்து பார்த்த படம் மாப்பிள்ளை. யார் சுட்டதுன்னு இன்னும் ஞாபகம் இருக்கு. சொல்லட்டுமா?" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்கவில்லை, சொல்லியே விட்டார்.

சரி, போனது போகட்டும் என்று உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் துப்பாக்கிச் சத்தம், சிவாஜி காலி. பராசக்தி வந்து இரண்டே வருஷம், அப்படிப்பட்ட நாயகனை முதல் காட்சியிலேயே தீர்த்துக்கட்ட என்ன தைரியம் வேண்டும்! 1943இல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. சி.ஐ.டி. அதிகாரியாக ஜாவர் சீதாராமன் வந்து ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். மனைவி பண்டரிபாய் சொல்லும் சிவாஜி ஒருவர், கூடப்பிறந்தவர் சொல்லும் சிவாஜி வேறொருவர். மாருதி ராவின் ஒளிப்பதிவில் பாதி நேரம் முகங்களில் நிழல் விழுந்துகொண்டே இருக்கிறது, யாரைத்தான் நம்புவது? தேசபக்தி வசனங்கள்தான் சில இடங்களில் கொஞ்சம் நீளம்.

பாட்டு வந்தால் எழுந்துபோய்க் காப்பி போடலாம் என்ற பழக்கதோஷத்தில் இருந்தேன். வந்தால்தானே! டம்ளர் இரண்டும் கடைசிவரை காலியாகவே இருந்தன. "அன்னைக்கு டாக்கீஸ்லயும் இதே கதைதான். பீடி பிடிக்கப் போறவனெல்லாம் தவிச்சுப் போயிட்டான்" என்று மாமா சிரித்தார்.

கடைசியில் கொலையாளி யார் என்று தெரிந்தது. மாமா சொன்ன ஆள் இல்லை.

யார் என்று இங்கே உடைக்க மாட்டேன். மாமாவுக்குத்தான் முகமே செத்துவிட்டது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "அந்த டாக்கீஸ்காரன் கடைசி ரீலை ஓட்டாமலே எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டான் போல" என்றார்.