வீட்டுக் குழு: ரீமிக்ஸ் எங்கே ஆரம்பித்தது?

மாமா: இந்த ரீமிக்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் வந்தபிறகு பிடித்த சோம்பேறித்தனம். ஒருவர் உழைத்துப் போட்ட பாட்டை இன்னொருவர் வெட்டி ஒட்டுகிறார்.

யாழினி: இல்லை மாமா, கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்பே ஜமைக்காவில் ஆரம்பித்துவிட்டது. அங்கே நம் மைக்செட்காரர்கள் மாதிரி பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி, ரெக்கார்டு போட்டு ஊரையே ஆட வைப்பார்கள். சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். ஸ்பானிஷ் டவுனில் அப்படி ஒன்று வைத்திருந்த ரூடி ரெட்வுட், 1960களின் கடைசியில் தயாரிப்பாளர் டியூக் ரீடின் ஸ்டுடியோவில் பாரகன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றைத் தனக்காக ஒரு ரெக்கார்டில் பதிந்து தரச் சொன்னார். பொறியாளர் பைரன் ஸ்மித் குரலைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். பரவாயில்லை என்று ரெட்வுட் அதையே எடுத்துப்போய், முதலில் குரலோடும் அடுத்து குரல் இல்லாமலும் போட்டார். கூட்டமே பாடியது!

சித்தி: குரலை எடுத்துவிட்டால் அது புதுப் பாட்டாகிவிடுமா?

யாழினி: அந்த இடைவெளிதான் சித்தி எல்லாமே. ரெக்கார்டு ஓடும்போது மைக்கில் பேசும் யூ-ராய் அதில் புகுந்து தாளத்தோடு பேசினார், 1970இல் ஜமைக்காவே அதைக் கேட்டது. அப்புறம் கிங் டப்பி. ரேடியோ, டிரான்ஸ்ஃபார்மர் பழுது பார்ப்பவர், ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் வீட்டிலேயே ஸ்டுடியோ. இன்னொரு ஸ்டுடியோவில் இருந்த 4 டிராக் மிக்ஸிங் மேசையை (பாட்டின் ஒலிகளை நான்கு தடங்களாகப் பிரித்துக் கூட்டிக் குறைப்பது) வாங்கி வந்து, பாடகரை ஒரு வரியோடு நிறுத்தி, டிரம்ஸையும் பேஸையும் மட்டும் ஓடவிட்டு, எக்கோவைத் திறந்து, சில ஒலிகளை வடிகட்டும் ஃபில்டர் திருகைச் சுற்றிப் பாட்டையே மெலிய வைத்து மறுபடி கனக்க வைப்பார், எல்லாம் டேப் ஓடும்போதே கையால். இதைச் சோம்பேறித்தனம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கார்த்திக்: பார்ட்டிகளில் ரெக்கார்டு போட்ட டிஜே கூல் ஹெர்க்கும் கிங்ஸ்டன்காரர்தானே?

யாழினி: ஆமாம், 1967இல் நியூயார்க் பிராங்ஸுக்குப் போனார். 1973 ஆகஸ்ட் 11, தங்கை சிண்டி ஏற்பாடு செய்த பார்ட்டியில்தான் அவர் பெயர் பரவ ஆரம்பித்தது. ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தை மாற்றி மாற்றி நீட்டுவது அவர் வழி. ஹிப்ஹாப் அங்கிருந்துதான் வளர்ந்தது.

மாமா: சரி, அந்த டிரம்ஸ் வாசித்தவனுக்கு என்ன கொடுத்தார்கள்?

யாழினி: அங்கே நீங்கள் கேட்பது நியாயம். வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரெகரி கோல்மன் 1969இல் வாசித்த சுமார் 7 வினாடி டிரம்ஸ் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இருக்கிறது. அவருக்கு அதிலிருந்து காசு வரவேயில்லை, 2006இல் வீடில்லாமல் இறந்தார். எடுத்துச் செய்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை மாமா, வாசித்தவருக்குப் பங்கு போகாததுதான் கோபம்.

மாமா: அதைத்தான் நானும் சொல்கிறேன். சரி, அந்த டப்பி போட்டதில் ஒன்று அனுப்பு, கேட்டுப் பார்க்கிறேன்.

கார்த்திக்: மாமா, ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, அது இல்லாவிட்டால் பாதிகூட மிஞ்சாது.