ஏசிக்குத் துளையிட்டபோது அறுந்த ஒயரை இணைத்த பிறகும் திருட்டு அலாரம் கோளாறு காட்டுகிறது: உதவி தேவை

லாஸ்பேட்டைவாசி:
வணக்கம். எங்கள் வீட்டு மாடியறையில் ஏசி பொருத்த வந்தவர்கள், குழாய் செல்வதற்காகச் சுவரில் துளையிட்டபோது உள்ளே ஓடிய அலாரம் ஒயரை அறுத்துவிட்டார்கள். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் நிறத்துக்கு நிறம் சேர்த்து இணைத்துக் கொடுத்தார். ஆனாலும் அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனல் கோளாறு காட்டுகிறது, அலாரத்தை இயக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை இரவு குடும்பத்துடன் வெளியூர் புறப்படுகிறோம். அதற்குள் சரிசெய்ய வழி சொல்லுங்கள்.

பழையபேனல்:
கோளாறு என்று மட்டும் சொன்னால் எதைப் பிடித்துத் தொடங்குவது? எந்த ஸோனில் (பேனலுக்கு வரும் தனித்தனிச் சென்சார் இணைப்பு) காட்டுகிறது, அறுந்தது எத்தனை கோர் (உள்கம்பி) ஒயர், அதன் மறுமுனையில் இருப்பது கதவு திறப்பதை அறியும் கதவுக் காந்தமா அல்லது ஆள் நடமாட்டத்தை உணரும் பிஐஆர் சென்சாரா, அந்தச் சென்சாரின் முன் நடந்தால் சிவப்பு விளக்கு மின்னுகிறதா என்பதையெல்லாம் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம்_12வோல்ட்:
முதலில் பேட்டரியைப் பாருங்கள் ஐயா. துளையிடும்போது 12 வோல்ட் ஒயர்கள் ஒன்றோடொன்று உரசியிருந்தால் பேட்டரி இறங்கியிருக்கும். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்த பிறகு கடலூரில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். அப்போது முற்றிலும் இறங்கிப்போன 7 ஆம்பியர்-அவர் பேட்டரிகள் பலவற்றுக்கு மீண்டும் உயிர் வரவில்லை. அன்றிலிருந்து எந்த அலாரம் கெட்டாலும் நான் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிப்பேன்.

ஒயர்வேண்டாம்:
இந்தக் காலத்திலும் ஒயரா? எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வயர்லெஸ் சென்சார்களைப் பொருத்துங்கள். அடுத்த முறை யார் எங்கே துளையிட்டாலும் கவலையில்லை.

சுற்றுவல்லுநர்:
ஓம் விதியைக்கூட அறியாதவர்கள் பேனலைத் திறப்பதும், பேட்டரி, வயர்லெஸ் என்று மற்றவர்கள் குறி சொல்வதும் இங்கே வாடிக்கையாகிவிட்டது. அளந்து பார்க்காமல் பேசுவதில் பயனில்லை. மெயின் இணைப்பையும் பேட்டரியையும் துண்டியுங்கள். கோளாறு காட்டும் ஸோனின் இரண்டு ஒயர்களையும் பேனலிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சோதியுங்கள். நல்ல நிலையில் உள்ள இன்னொரு ஸோனையும் அதேபோல அளந்து, இரண்டு அளவுகளையும் இங்கே எழுதுங்கள். இவ்வளவாவது செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

லாஸ்பேட்டைவாசி:
அறுந்தது ஆறு கோர் ஒயர். மறுமுனையில் பிஐஆர் சென்சார் இருக்கிறது, நடந்தால் சிவப்பு விளக்கு மின்னுகிறது. கோளாறு மூன்றாவது ஸோனில் மட்டும். சொன்னபடி எல்லாவற்றையும் அணைத்து அளந்தேன். வாசற்கதவுக் காந்தம் உள்ள இரண்டாவது ஸோனில் 2,200 ஓமை ஒட்டி வருகிறது, மூன்றாவதில் எதுவுமே வரவில்லை.

சுற்றுவல்லுநர்:
அளவே வரவில்லை என்றால் சுற்று எங்கோ துண்டாகியிருக்கிறது. அப்படியானால் சுவருக்குள் வேறோர் இடத்திலும் ஒயர் அறுந்திருக்கிறது. பழைய ஒயரை உருவிவிட்டுப் புதிதாக இழுங்கள். இதில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை.

பழையபேனல்:
சற்றுப் பொறுங்கள், சுவரை உடைத்துவிடாதீர்கள். கதவுக் காந்தத்துக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் அதை அணைத்துவிட்டு அளக்கலாம். பிஐஆர் அப்படியன்று. பெரும்பாலான பிஐஆர் சென்சார்களில், 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும் வரைதான் உள்ளே இருக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் மூடி, சுற்றை இணைத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் ஆள் நடமாட்டம் இருப்பதுபோலவே அது திறந்துகொள்ளும். ஆகவே நீங்கள் அளந்தது ஒயரை அன்று, திறந்து கிடந்த ரிலேயை. விளக்கு மின்னுவதால் 12 வோல்ட் போய்ச் சேருகிறது என்பதும் தெளிவு. பேட்டரியையும் ஃபியூஸையும் இப்போதைக்கு மறந்துவிடலாம்.

மீண்டும் இப்படி அளவுங்கள். மின்சாரம் இல்லாத நிலையிலேயே மூன்றாவது ஸோனின் இரண்டு ஒயர்களை மட்டும் பேனலிலிருந்து கழற்றி, தனித்தனியே விலக்கி வையுங்கள். பேனலைப் பழுதுபார்ப்பதற்கான இன்ஜினியர் மோடுக்குக் கொண்டுவராவிட்டால் பெட்டியின் மூடி திறந்திருப்பதைக் கண்டு ஹூட்டர் (அலாரம் ஒலிப்பான்) அலறும். பிறகு மின்சாரம் கொடுத்து, மாடியறையில் யாரும் இல்லாமல் கதவைச் சாத்திவிட்டு, சென்சார் நிலைக்கு வர ஓரிரு நிமிடம் விட்டு, கழற்றிய இரண்டு ஒயர்களுக்கும் இடையே அளவுங்கள். பெட்டிக்குள் டிரான்ஸ்பார்மர் பக்கம் 230 வோல்ட் இருக்கும், அங்கே கை போகக் கூடாது.

மஞ்சக்குப்பம்_12வோல்ட்:
பேட்டரியை மறக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. இருக்கட்டும், அந்த எலக்ட்ரீஷியன் ஒயர்களை எப்படி இணைத்தார்? வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தால் உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். அதனால் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி ஒட்ட வேண்டும்.

சுற்றுவல்லுநர்:
சுவருக்குள் நிற்கிற மெல்லிய ஒயருக்குச் சால்டர் எதற்கு? சால்டருக்குப் பூசும் ஃப்ளக்ஸைச் சரியாகத் துடைக்காமல் விட்டால் அதுவே அரிப்பைக் கூட்டும். தொலைபேசிக்காரர்கள் பயன்படுத்துகிற, உள்ளே ஜெல் நிரப்பிய கனெக்டர் போதும். ஈரம் புகாது, ஒயரின் தோலைச் சீவவும் வேண்டாம்.

மஞ்சக்குப்பம்_12வோல்ட்:
தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த வீடுகளில் நான் வைத்த சால்டர் இணைப்புகள் இன்றும் கெடாமல் இருக்கின்றன. ஜெல் கனெக்டர் தனிக்கம்பி கொண்ட தொலைபேசி ஒயருக்காக வந்தது. அலாரம் ஒயரில் இருப்பதோ மெல்லிய பல இழைகள். அதை அழுத்தினால் பாதி இழைகள் பிடிக்காது.

சுற்றுவல்லுநர்:
பல இழை ஒயருக்கென்றே தனிக் கனெக்டர்கள் கிடைக்கின்றன. கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

லாஸ்பேட்டைவாசி:
இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒயர்களை முறுக்கி டேப்தான் சுற்றியிருக்கிறார். இப்போது அளந்ததில் மூன்றாவது ஸோன் 14 ஓம் காட்டுகிறது. இது நல்லதா, கெட்டதா?

பழையபேனல்:
விடை கிடைத்துவிட்டது. ஒயரும் ரிலேயும் நன்றாக இருக்கின்றன, தொடராக இருக்க வேண்டிய 2,200 ஓம் ரெசிஸ்டரைத்தான் (மின்தடை) காணவில்லை. உங்கள் பேனல் ஒவ்வொரு ஸோனிலும் அந்த அளவை எதிர்பார்க்கிறது. அது கிடைத்தால் எல்லாம் சரி என்று கொள்ளும், ரிலே திறந்தோ ஒயர் அறுந்தோ சுற்று துண்டானால் அலாரம் அடிக்கும், ஓம் அளவு பூஜ்யத்தை நெருங்கினால் யாரோ இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று சேர்த்து ஷார்ட் செய்துவிட்டதாகக் கருதிக் கோளாறு காட்டும். ரெசிஸ்டரைச் சென்சாருக்குள் வைப்பதுதான் முறை. சில பொருத்துநர்கள் சோம்பல்பட்டு வழியிலுள்ள இணைப்பிலேயே சேர்த்து டேப் சுற்றிவிடுவார்கள். ஏசிக்காரர்கள் வெட்டியெடுத்த ஒயர்த் துண்டு இன்னும் கிடைக்குமா?

லாஸ்பேட்டைவாசி:
மொட்டைமாடியில் கட்டிய காரைத்தூள் மூட்டைக்குள் கிடந்தது. மஞ்சள் ஒயரில் இருந்த டேப்பைப் பிரித்தால், அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, சிவப்பு, சிவப்பு, சிவப்பு, தங்கம் என்று கோடுகள் போட்ட ஒரு பொருள் இருக்கிறது. ஒரு பக்கக் கால் ஒடிந்திருக்கிறது.

பழையபேனல்:
அதுவேதான். மூன்று சிவப்புக் கோடுகள் 2,200 ஓம், தங்கக் கோடு ஐந்து விழுக்காடு கூடுதல் குறைவு. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

ஒயர்வேண்டாம்:
அவசரமென்றால் அந்த ரெசிஸ்டரைப் பேனலிலேயே மாட்டிவிடலாமே? கோளாறு மறைந்துவிடும்.

சுற்றுவல்லுநர்:
மறையும், அதோடு பாதுகாப்பும் மறையும். ரெசிஸ்டர் பேனல் முனையில் இருந்தால், வழியில் எவராவது இரண்டு ஒயர்களையும் ஷார்ட் செய்தாலும் பேனலுக்கு 2,200 ஓமே தெரியும். அதன்பின் அந்தச் சென்சார் இருந்தும் இல்லாததுதான். சென்சாரின் மூடியைத் திறந்து, அலாரம் ரிலேயின் ஒரு முனைக்கும் அங்கே வரும் ஸோன் ஒயருக்கும் இடையில் தொடராக இணைக்க வேண்டும்.

பழையபேனல்:
இதில் அவர் சொல்வது முற்றிலும் சரி. முறுக்கிச் சுற்றிய ஆறு இணைப்புகளையும் அப்படியே விடாதீர்கள். ஏசிக் குழாய் வியர்க்கிற இடத்துக்கு அருகில் இருக்கின்றன. சால்டரோ கனெக்டரோ, எதுவானாலும் வெறும் டேப்பைவிட மேல்.

லாஸ்பேட்டைவாசி:
சென்சாருக்குள் மாட்டியாயிற்று. மூன்றாவது ஸோன் சரியாகிவிட்டது, நடந்து பார்த்தபோது ஹூட்டரும் அடித்தது. அனைவருக்கும் நன்றி.

மஞ்சக்குப்பம்_12வோல்ட்:
மகிழ்ச்சி. மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று புறப்படுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இணைப்புகளுக்குக் கடைசியில் சால்டர்தானே வைத்தீர்கள்?