இரவு இரண்டு மணிக்கு வந்த ‘உங்களுக்கு மட்டும்’: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

இரவுப்பணிக்காரன்

போனில் ஆடும் அந்தக் கோட்டை கட்டும் விளையாட்டைத் தெரியாதவர்கள் இங்கே இருக்கமாட்டார்கள், அதனால் விளக்கவில்லை. மூன்று வருடமாக ஆடுகிறேன். போன மாதம் ஷிஃப்ட் முடிந்து வந்து, படுத்தபடியே ஒரே கட்டத்தில் பதினோரு முறை தோற்றேன். பன்னிரண்டாவது முறைக்கு முன் திரை நடுவில் ஒரு சலுகைப் பெட்டி குதித்தது, ஆட்டத்துக்கு வேண்டிய பொருட்கள் அடங்கியது. ‘உங்களுக்கு மட்டும்’ என்று தலைப்பு, 449 ரூபாய், கீழே பத்து நிமிடக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் 449 என் கண்ணில் படவே இல்லை, கடிகாரம்தான் பட்டது.

மறுநாள் கேன்டீனில் பக்கத்து இருக்கை நண்பரிடம் காட்டினேன். அவர் ஆறு மாதமாக ஒரு பைசா கொடுக்காமல் ஆடுபவர். அவர் போனிலும் அதே பெட்டி. உள்ளே இருந்த பொருட்களை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்பிட்டோம், ஒன்றுகூடக் குறையவில்லை. விலை 29 ரூபாய். டீ ஆறிப்போகும்வரை இரண்டு போனையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் தெரு அண்ணாச்சி பழைய வாடிக்கையாளருக்கு ஒரு பிடி கூடப் போடுவார். இங்கே பழைய வாடிக்கையாளன் என்றால் விலைதான் கூடுகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஆறாம்வகுப்பு அம்மா

விலை வித்தியாசம் எனக்குத் தெரியாது. தள்ளுவண்டியில் வெண்டைக்காய் வாங்கி 60 ரூபாய்க்கு ஸ்கேன் செய்கிறேன், கணக்கில் பணம் இல்லை என்று வருகிறது. வண்டிக்காரர் “அப்புறம் கொடுங்கள் அக்கா” என்றார். அங்கேயே நின்று குறுஞ்செய்திகளைப் பார்த்தேன். மகன் ஆடும் விளையாட்டுக்கு எட்டு முறை 399. மொத்தம் 3,192 ரூபாய். என் ரகசிய எண்ணை மகன் எங்கே கற்றான் தெரியுமா? அதே வண்டியருகில், தினமும் என் கட்டைவிரலைப் பார்த்து.

வீட்டுக்கு வந்து அடிக்கக் கை ஓங்கினேன். அவன் அழவில்லை, விழித்தான். “நான் பணமே செலவழிக்கவில்லை அம்மா, ஜெம்தான் செலவழித்தேன்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

ஜெம் என்பது அந்த விளையாட்டுக்குள் செல்லும் காசு. 399 கொடுத்தால் 80 ஜெம். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத ஒரு அதிர்ஷ்டப் பெட்டி திறக்க 100 ஜெம். எட்டு முறை வாங்கி ஆறு பெட்டி திறந்திருக்கிறான், இன்னும் 40 மிச்சம். 40-க்கு அந்தக் கடையில் ஒன்றும் வராது. இன்னொரு முறை வாங்கினால்தான் அது செல்லும்.

பழைய கணினிக்காரன்

அம்மா, கோபித்துக்கொள்ள வேண்டாம். நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் போன் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். 2006-இல் ‘ஆப்ளிவியன்’ என்ற கணினி விளையாட்டில் வரும் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் வாங்கவும் ஆரம்பித்தோம். என் கதை அவ்வளவுதான்.

இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ரகசிய எண்ணை மாற்றுங்கள், மாற்றியதைக் கைக்குட்டையால் மறைத்து அடியுங்கள். பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். பையனுக்குத் தனிக் கணக்கு தொடங்கி உங்கள் கணக்கின் மேற்பார்வையில் சேருங்கள். பணம் போனது தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரிலேயே திருப்பிக் கேட்கலாம், அதற்குப் பிறகு விளையாட்டை உருவாக்கியவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். யு.பி.ஐ.யோடு இணைத்த கணக்கில் 500 ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள், சம்பளக் கணக்கு வேறாக இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் பீரோவுக்குள். ஞாயிற்றுக்கிழமைகளில் பரமபதம் ஆடலாம், கணக்கும் வரும், தோற்கவும் பழகுவான்.

விலகி வந்தவன்

மேலே இருப்பவருக்கு: ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் சமரசத்துக்கு வந்து, ஆடுபவர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்ட தொகை 24.5 கோடி டாலர். தெரியாமல் ஒரு பொத்தானைத் தொட்டாலே பணம் போகும்படி திரையை அமைத்தார்கள், கடன் அட்டை நிறுவனத்திடம் முறையிட்டவர்களின் கணக்கையே பூட்டினார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அத்தனை வீட்டிலும் அம்மாக்களுக்குத்தான் கைக்குட்டை இல்லையா?

நான் பெங்களூரில் இப்படி ஒரு நிறுவனத்தில் 14 மாதம் இருந்தேன், பெயர் வேண்டாம். அதிகம் செலவழிப்பவரை அங்கே ‘திமிங்கிலம்’ என்போம். சுமாராகச் செலவழிப்பவர் டால்ஃபின். மற்றவர்கள் பொடிமீன். பெரும்பகுதி வருமானம் ஒரு சில திமிங்கிலங்களிடமிருந்துதான் வரும். மீதிப்பேர், அந்தத் திமிங்கிலங்கள் தோற்கடிப்பதற்காக அங்கே இருக்கிறார்கள். இரவுப்பணிக்காரரே, 29 என்பது தூண்டில். ஒருவர் முதன்முறையாகப் பணம் கொடுப்பதுதான் கடினம். கொடுத்துவிட்டால் அப்புறம் அவருக்கு 29 காட்டமாட்டார்கள்.

என்னை உறுத்துவது ஒரு வரி. திங்கட்கிழமைக் கூட்டத்தில் திரையில் ஒரு அட்டவணை. ஒருவருடைய செலவு மாதம் முழுக்கப் பூஜ்யம், ஒன்றாம் தேதி முதல் ஐந்தாம் தேதி வரை மட்டும் ஆயிரங்களில். பக்கத்துக் கட்டத்தில் யாரோ குறித்திருந்தார்கள், ‘சம்பளம் வந்துவிட்டது, சலுகை அனுப்பலாம்’. அனுப்பியது நான்தான். மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது, ‘என் கணக்கில் வாங்கும் வசதியை மட்டும் நிறுத்திவிட முடியுமா, ஆட்டத்தை விட மனமில்லை’ என்று. அப்படி நிறுத்த எங்களிடம் வழியே இல்லை. ‘உங்கள் ஆர்வத்திற்கு நன்றி’ என்று ஆயத்தப் பதில் ஒன்று உண்டு, அதுதான் போயிற்று.

ஆன்ட்வெர்ப் மாமா

பெல்ஜியத்திலிருந்து எழுதுகிறேன். காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சட்டவிரோதச் சூதாட்டம் என்று 2018 ஏப்ரலில் இங்குள்ள சூதாட்ட ஆணையம் சொல்லிவிட்டது. என் மகன் ஆடும் கால்பந்து விளையாட்டில் அந்த வாங்கும் பொத்தானே கிடையாது. பாரிஸில் அது உண்டு, தங்கை வீட்டில் மருமகன் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான், உள்ளே ஏதோ ஒரு கால்பந்து வீரர் வருவார். முதலில் நாட்டுக்கொடி வருகிறது, பிறகு அவர் அணியில் ஆடும் இடம், பிறகு கிளப் சின்னம், கடைசியில்தான் அவர் முகம். பிரேசில் கொடியைக் கண்டதும் பையன் மூச்சை நிறுத்திக்கொண்டான். வந்தது ஏற்கெனவே அவனிடம் இருந்த கோல்கீப்பர். கோவில் திருவிழாவில் ராட்டினக்காரன்கூட இவ்வளவு நிதானமாக ஏமாற்றமாட்டான்.

ஆறாம்வகுப்பு அம்மா

பழைய கணினிக்காரர் அண்ணா, நான் பார்த்ததே மூன்றாம் நாள். 48 மணி நேரம் எப்போதோ போய்விட்டது. ரகசிய எண்ணை அன்றே மாற்றிவிட்டேன். பரமபதம் வீட்டில் இருக்கிறது, தாயக்கட்டைதான் ஒன்று தொலைந்துவிட்டது.

இரவுப்பணிக்காரன்

விலகி வந்தவர் எழுதியதை நண்பருக்குப் படித்துக்காட்டினேன். அவர் முகம் மாறியது. முந்தாநாள் இரவு அந்த 29-ஐ வாங்கிவிட்டாராம், என்னிடம் சொல்ல வெட்கம். போனைத் திறந்து காட்டினார். புதிய பெட்டி வந்திருந்தது, 89 ரூபாய், கடிகாரத்தில் இன்னும் ஆறு நிமிடம்.